இலையுதிர் காலத்துக் கணக்கு

மாசி மாதம் பிறந்ததும் ஜாசின் வட்டாரத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் பால்மரக் காடுகள் நிறம் மாறத் தொடங்கும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் செம்மையாகும், பின்னர் ஒரு வாரக் காற்றில் மரங்கள் யாவும் மொட்டையாய் நிற்கும். சருகின்மேல் நடப்பவரின் காலடியோசை அடுத்த நிரையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். பட்டணத்திலிருந்து வருபவர் வண்டியை நிறுத்தி அக்காட்சியின் அழகைப் பருகுவர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, தாயின் கையிலிருந்து கத்தியை வாங்கிய பெண்ணுக்கோ அது வயிற்றில் புளியைக் கரைக்கும் காட்சி. இலை உதிர்ந்து மீண்டும் தளிர் முற்றும் வரையில் மரத்தில் பால் குறைந்துவிடும். வெட்டிய கோட்டில் வெண்மை நூல்போலக் கசிந்து நின்றுவிடும். மங்கு நிறையாது. மங்கு நிறையாத மாதத்தில் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் மட்டும் நிறையும்.

ஆண்டின் மறுமுனையில் இன்னொரு தடை காத்திருக்கிறது. ஐப்பசியில் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள், நனைந்த மரத்தடியில் மழை விடுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட இயலாது. வெட்டிய பின்னர் மழை பிடித்துக்கொண்டாலோ, மங்கில் விழ வேண்டிய பால் மரத்தோடு வழிந்து மண்ணில் கலந்துவிடும். தீபாவளி வருவதும் அந்த ஐப்பசியில்தான். கையில் காசு அதிகம் வேண்டிய மாதமும் கூலி குறைந்த மாதமும் ஒன்றாய் வந்து சேர்வது தோட்டத்து மக்களின் தலைவிதி போலும்.

மலாக்காவில் இந்தக் கதை நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ நாற்பது ஏக்கரில் பால்மரம் நட்டார். இந்நாட்டில் வணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்று வரலாறு கூறும். அதன் பின்னர் ஜாசின், அலோர் காஜா பகுதிகளெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் லயங்களை நிரப்பினர். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எழுந்தன. ஒவ்வோர் ஆண்டும் இலை உதிர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் மழை பெய்தது. அந்நாட்களின் இழப்பு யாருடையது என்ற கேள்வியும் ஒவ்வோர் ஆண்டும் எழுந்தது.

சட்டத்தின் கண்ணுக்குப் பால்வெட்டுத் தொழிலாளி 'பருவத் தொழிலாளி' அல்லர். அச்சொல் வேறு சிலரைக் குறிக்கிறது. கரும்பு வெட்டும் காலத்தில் மட்டும் இயங்கும் சர்க்கரை ஆலையின் தொழிலாளி, பஞ்சு வரும் மாதங்களில் மட்டும் திறக்கும் பருத்தி அரைவை ஆலையின் தொழிலாளி, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளம் மூழ்க வீடு திரும்பும் தூத்துக்குடித் தொழிலாளி, இவர்களே பருவத் தொழிலாளர் எனப்படுவோர். ஆயினும் மரத்துக்குப் பருவம் உண்டென்றால் மரத்தை நம்பி வாழ்பவருக்கும் பருவம் உண்டன்றோ? இதனை நாட்டின் சட்டம் ஓரளவு உணர்ந்தே இருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தோட்டத்தில் நாள் கணக்கில் கூலி பெறும் தொழிலாளிக்கு மாதத்தில் இருபத்துநான்கு நாளுக்குக் குறையாமல் முதலாளி வேலை கொடுக்க வேண்டும் என்கிறது. வேலை கொடுக்க இயலாது போனால், உடல்நலத்தோடும் விருப்பத்தோடும் தொழிலாளி காத்திருந்த அந்த நாட்களுக்கு, வேலை செய்ததாகவே கொண்டு கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. பருவத்தின் சுமையை முழுவதும் ஏழையின் தலையில் ஏற்றக்கூடாது என்ற அறம் அந்தப் பிரிவினுள் இருக்கிறது. சட்டநூலில் இவ்வளவு மனிதத்தன்மை உள்ள வரிகள் அதிகம் இல்லை.

ஆனால் போனஸ் என்று வந்தவுடன் அதே சட்டம் வாயை மூடிக்கொள்கிறது.

இங்கே அந்தச் சொல்லையே சற்று நோக்குதல் தகும். போனஸ் என்பது 'நல்லது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனைத் தமிழாக்க முனைந்தோர் ஒருமனப்படவில்லை. சிலர் ஊக்கத்தொகை என்றனர். சிலர் மிகையூதியம் என்றனர். வேறு சிலர் வெகுமதி என்றனர். அகராதியில் இவை அருகருகே அமைதியாக இருக்கலாம். தொழில் நீதிமன்றத்தில் இருக்க மாட்டா. வெகுமதி என்றால் கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஊக்கத்தொகை என்றால் மேலும் வேலை வாங்குவதற்கான தூண்டில். மிகையூதியம் என்றால் அது ஊதியத்தின் இனம். உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்தப் பக்கம் நாம் சாய்ந்துவிட்டோம் என்று பொருள். தோட்டத்து மக்கள் இந்த வம்பே வேண்டாமென்று 'போனஸ்' என்றே சொல்லி வந்தனர். அதுவும் ஒருவகை அறிவுடைமைதான்.

சொல்லுக்குள் நடந்த இப்போர் இந்தியாவில் நீதிமன்றப் படிகளிலும் நடந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பம்பாய்த் துணியாலைகள் பெரும் இலாபம் கண்டன, விலைவாசியும் ஏறியது. 1917ஆம் ஆண்டில் ஆலைகள் கூலியில் நூற்றுக்குப் பத்துப் பங்கினைப் 'போர்க்கால போனஸ்' என்று கொடுத்தன. அடுத்த ஆண்டு அது பதினைந்தாயிற்று. ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த தொகை பின்னர் மறுக்கப்பட்டபோது, 1924இல் பம்பாயில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதனை ஆராயத் தலைமை நீதிபதி நார்மன் மக்லியோட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. வழக்கத்தாலோ சட்டத்தாலோ நேர்மையாலோ கேட்டுப் பெறத்தக்க உரிமை எதையும் தொழிலாளர் நிறுவவில்லை என்று அக்குழு முடிவு செய்தது. ஆண்டுதோறும் கொடுத்துப் பழகிய பின்னரும் அது கொடையே, கடன் அன்று என்பது அதன் பொருள்.

அந்த முடிவைத் திருப்புவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. 1950ஆம் ஆண்டில் தொழிலாளர் மேல்முறையீட்டு மன்றம், இலாபத்திலிருந்து தேய்மானம், வரி, மூலதனத்துக்குரிய வட்டி முதலியவற்றைக் கழித்த பின்னர் மிஞ்சுவதில் உழைப்புக்கும் பங்குண்டு என்று ஒரு சூத்திரம் வகுத்தது. 1961இல் மெஹர் தலைமையில் போனஸ் ஆணையம் அமைந்தது. 1964இல் அதன் அறிக்கை வந்தது. 1965இல் போனஸ் வழங்கல் சட்டம் பிறந்தது. இருபது பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் நிறுவனங்களில் போனஸ் கட்டாயமாயிற்று. குறைந்த அளவு முதலில் நூற்றுக்கு நான்கு. பின்னர், எழுபதுகளின் தொடக்கத்தில், 8.33. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975இல் மீண்டும் நான்காகக் குறைந்தது; 1977இல் பழைய அளவுக்கே திரும்பியது. அரசியல் வானிலை மாறும்போதெல்லாம் தொழிலாளியின் தீபாவளியும் மாறியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

8.33 என்ற இந்த எண் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைப்பது அதுவே. ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்பதை வழக்கறிஞர்கள் அவ்வாறு எழுதினார்கள்.

அந்தச் சட்டத்தில் தோட்டத்து மக்கள் கூர்ந்து நோக்க வேண்டியது இந்த விழுக்காடு அன்று. அதன் 8ஆம் பிரிவு. கணக்காண்டில் முப்பது வேலை நாட்களுக்குக் குறையாமல் உழைத்த எவரும் போனஸுக்கு உரியவர் என்று அது ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. நிரந்தரத் தொழிலாளியா, தற்காலிகத் தொழிலாளியா, பருவத்துக்கு வந்து போகிறவரா என்று அது கேட்கவில்லை. முப்பது நாள் மட்டுமே கேட்டது. எனவே கரும்பு அரைக்கும் சில மாதங்கள் மட்டும் ஆலையில் நின்றவரும் உள்ளே வந்தார். முழு ஆண்டும் உழைத்தவருக்குக் கிடைக்கும் தொகை அவருக்குக் கிடைக்காது. உழைத்த நாட்களுக்கு ஏற்ற பங்கே கிடைக்கும். முப்பது நாள் கூலிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் இரண்டரை நாள் கூலி. அது சிறு தொகைதான். ஆனால் 'உனக்கும் கணக்கில் பெயர் உண்டு' என்று சொல்வதற்கு அந்த இரண்டரை நாள் போதும்.

மேலும் ஒன்று. எந்த நாட்கள் உழைத்த நாட்களாகக் கொள்ளப்படும் என்பதையும் அச்சட்டம் தெளிவாக்கியது. ஒப்பந்தப்படியோ நிலையாணைப்படியோ வேலையின்றி நிறுத்திவைக்கப்பட்ட நாள், சம்பளத்தோடு கூடிய விடுப்பு நாள், வேலையினால் நேர்ந்த விபத்தில் படுத்திருந்த நாள், பிள்ளைப்பேற்று விடுப்பு நாள் ஆகியவை யாவும் உழைத்த நாட்களே. குழந்தை பெற்றவளுக்கு அந்த ஆண்டின் போனஸ் குறையக்கூடாது என்று எண்ணிய சட்டம் அது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்ட 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அந்த முப்பது நாளை அப்படியே வைத்துக்கொண்டது.

இனி மலாக்காவுக்குத் திரும்பலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 'சம்பளம்' என்பதற்கு இலக்கணம் கூறுகிறது. வேலை ஒப்பந்தப்படி செய்த வேலைக்காகத் தரப்படும் பணம் யாவும் சம்பளம் என்று தொடங்கி, பின்னர் சிலவற்றை விலக்குகிறது. வீட்டு வசதியின் மதிப்பு, பயணப்படி, ஓய்வுபெறும்போது தரும் பணிக்கொடை, இவற்றோடு 'ஆண்டு போனஸ் அல்லது அதன் எந்தப் பகுதியும்' என்பதும் அவ்விலக்குப் பட்டியலில் நிற்கிறது. அதாவது போனஸ் சம்பளம் அன்று. போனஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று கூறும் பிரிவு அச்சட்டத்தில் எங்கும் இல்லை.

ஊழியர் சேமநிதிச் சட்டத்தைப் புரட்டினால் வேறொரு காட்சி. அங்கே சம்பளத்தின் இலக்கணத்தில் போனஸும் சேர்ந்திருக்கிறது. முதலாளி போனஸ் கொடுத்தால் அதற்கும் சேமநிதிச் சந்தா கட்ட வேண்டும். வருமான வரிக்காரரும் அதனை வருமானமென்றே கணக்கிடுகிறார். கேட்கும்போது சம்பளம் அல்லாதது, கொடுத்த பின்னர் சம்பளமாகிவிடுகிறது! சட்டநூல்களுக்கிடையே உள்ள இம்முரண்பாட்டைக் கண்டு நகைப்பதா வருந்துவதா என்பது படிப்பவரின் நிலையைப் பொறுத்தது.

சட்டம் விட்ட இடைவெளியைத் தொழிற்சங்கம் நிரப்ப முயன்றது. 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் முதன்மைத் தலைவராக விளங்கினார். தோட்ட முதலாளிகளின் அமைப்போடு மேசையில் அமர்ந்து கூலியையும் வேலை நிலையையும் பேசி எழுதும் வழக்கம் அதன் வழியே நிலைபெற்றது. ரப்பர் விலையோடு கூலியை இணைத்துக் கட்டும் ஏற்பாடுகளும் அந்தப் பேச்சுக்களில் பிறந்தன. 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்துக்குப் பின்னர், தொழில் நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்த கூட்டு ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் வலிமை பெற்றது. ஆகவே கூட்டு ஒப்பந்தத்தில் போனஸ் என்று ஒரு விதி இருக்குமானால் அது வெகுமதி அன்று, கடன். சங்கம் இல்லாத இடத்திலும், வேலைக் கடிதத்தில் போனஸ் உண்டென்று உறுதியாக எழுதியிருந்தால், அதனைக் கேட்டுத் தொழிலாளர் இலாகாவின் படியேறலாம். அங்கே அவ்விலாகா சட்டத்தைப் பார்ப்பதோடு ஒப்பந்தத்தின் சொல்லையும் பார்க்கும்.

அச்சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 'போனஸ் வழங்கப்படும்' என்பதும் 'போனஸ் வழங்கப்படலாம்' என்பதும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வினைமுற்றில் ஒரு சிறு வேறுபாடு. கைநாட்டு வைப்பவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தின் வேறுபாடு. 'நிர்வாகத்தின் விருப்பத்திற்கு உட்பட்டு' என்ற தொடர் அருகே வந்துவிட்டால் வாக்கியம் முழுவதும் காற்றாகிப் போகும். கடிதம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். அதனை வாசித்துச் சொல்லும்படி பெற்றோர் தம் பள்ளிப் பிள்ளையைக் கேட்பதுண்டு. பிள்ளையும் 'போனஸ்' என்ற சொல்லை மட்டும் கண்டு மகிழ்ந்து, உண்டு என்று சொல்லிவிடும்.

கூட்டு ஒப்பந்தத்தின் நிழலில் நின்றவர்களின் நிலை இவ்வாறென்றால், அந்நிழலுக்கு வெளியே நின்றவர்களை என்னென்பது! அறுபதுகளில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. புக்கிட் ஆசகான் தோட்டத்துத் தொழிலாளர் 1967இல் மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் வரை நடந்தே சென்று முறையிட்ட காலம் அது. பின்னர்ப் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கும் குலை மிகும் மாதங்களும் குறையும் மாதங்களும் உண்டு. அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆள் கூட்டவும் குறைக்கவும் எளிய வழியாகக் கொந்தராத்துக்காரர் வந்தார். கொந்தராத்துக்காரரிடம் எடைக்குக் கூலி பெறுபவருக்கு நாள் கணக்கு இல்லை. நாள் கணக்கு இல்லையேல் 16ஆம் பிரிவின் இருபத்துநான்கு நாளும் இல்லை. குலை குறைந்த மாதத்தில் அவரை எவரும் வேலையிலிருந்து நீக்குவதில்லை, அழைப்பதில்லை, அவ்வளவுதான். ஆண்டு முடிவில் அவர் யாருடைய தொழிலாளி என்று கேட்டால் தோட்டம் கொந்தராத்துக்காரரைக் காட்டும். கொந்தராத்துக்காரர் தோட்டத்தைக் காட்டுவார்.

இடையே வேலை அற்றுப் போகும் நாட்களைப் பற்றி இந்நாட்டுச் சட்டம் ஒன்றுமே எண்ணிப் பார்த்ததில்லை என்றும் கூற இயலாது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க, வேலைநிறுத்திவைப்புப் பயன்கள் பற்றிய விதிகள், இடையிடையே விட்டுவிட்டுச் செய்த வேலையையும் தொடர்ந்த வேலையாகக் கொள்ளும். இடைவெளி மொத்தம் முப்பது நாளை மீறக்கூடாது; வேலைக்காலம் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு மாதம் நிறைய வேண்டும். அங்கும் ஒரு முப்பது நாள்! ஆயின் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இந்தியச் சட்டத்தின் முப்பது நாள், உள்ளே வருவதற்குத் திறந்த வாசல். இங்குள்ள முப்பது நாள், அதைத் தாண்டினால் வெளியே தள்ளும் வேலி. இலையுதிர் காலமும் மழைக்காலமும் சேர்ந்தால் அந்த வேலியைத் தாண்டுவதற்கு அதிக நாள் ஆகாது.

இந்த வேறுபாடு ஒரே வீட்டுக்குள்ளும் புகுந்தது. தாய் தோட்டத்தில் இருந்தாள். மகள் பத்து பிரெண்டாம் தொழிற்பேட்டையில் மின்னியல் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போனாள். ஆண்டு இறுதியில் மகளின் தொழிற்சாலை ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாகத் தந்தால் வீட்டில் புதுத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. தாயின் கைகள் மகளின் கைகளைவிடக் குறைவாக உழைக்கவில்லை. ஆனால் மகளின் தொழிற்சாலைக்குள் மழை பெய்யாது.

முதலாளிகள் கூறும் மறுப்பிலும் பொருளில்லாமல் இல்லை. ரப்பர் விலையையும் செம்பனை எண்ணெய் விலையையும் உலகச் சந்தை தீர்மானிக்கிறது. விலை வீழ்ந்த ஆண்டில் போனஸ் எங்கிருந்து கொடுப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்விக்கும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விடை வைத்திருந்தது. நல்ல ஆண்டில் உச்ச அளவுக்கு மேல் மிஞ்சுவதை எடுத்து வைத்து, வரும் நான்கு ஆண்டுகள் வரையில் குறைந்த ஆண்டின் போனஸுக்கு ஈடுசெய்யலாம் என்றது. நெல் குதிரில் அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்து வைக்கும் உழவனுக்கு இது புதிய கணக்கன்று. குறைந்த அளவு போனஸை நட்டத்திலும் கொடுக்க வேண்டும் என்ற விதிதான் முதலாளிகளுக்குக் கசந்தது. கசக்கத்தான் செய்யும். ஆனால் நட்டம் வந்த ஆண்டிலும் தொழிலாளியின் பிள்ளைக்குப் பசி எடுக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டிய செய்தியே.

விடை தேடி இந்தியா வரை போக வேண்டியதும் இல்லை. மலாக்காக் கடற்கரையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் இந்தோனேசியா. அங்கே பெருநாள் உதவித்தொகை என்பது சட்டப்படி கொடுக்க வேண்டியது. 1994ஆம் ஆண்டு விதிப்படி மூன்று மாதம் வேலை செய்தவருக்கு அது உரியதாயிருந்தது. 2016ஆம் ஆண்டின் விதி அதனை ஒரு மாதமாகக் குறைத்தது. பன்னிரண்டு மாதம் நிறைந்தவருக்கு ஒரு மாதச் சம்பளம். குறைந்தவருக்கு மாதங்களுக்கு ஏற்ற பங்கு. நாட்கூலிக்காரருக்கும் சராசரி கண்டு கொடுக்க வேண்டும். பெருநாளுக்கு ஏழு நாள் முன்னதாகவே கையில் சேர்க்க வேண்டும். பிலிப்பைன்சிலோ 1975ஆம் ஆண்டின் ஆணை, பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைக் கட்டாயமாக்கி, டிசம்பர் 24ஆம் நாளைக் கெடுவாக வைத்தது. அங்கும் ஒரு மாத உழைப்பே போதும்.

இன்று மலாக்காவின் செம்பனைக் காடுகளில் தமிழர் குறைந்து, குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் மிகுந்திருக்கின்றனர். சுமத்திராவில் வேலை செய்திருந்தால் பெருநாளுக்கு ஏழு நாள் முன்னதாகச் சட்டம் கையில் சேர்த்திருக்கும் தொகை, நீரிணையைக் கடந்து இங்கு வந்தவுடன் முதலாளியின் விருப்பமாகிவிடுகிறது. கடல் ஒன்று, செம்பனை ஒன்று, அரிவாள் பிடிக்கும் கையும் ஒன்று.

ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர் பலர் சேமநிதிக் கணக்கறிக்கைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பது வழக்கம். பேரப்பிள்ளைகள் பொழுதுபோகாமல் அவற்றை விரித்துப் பார்ப்பதுண்டு. மாதந்தோறும் கட்டிய சந்தா வரிசையாக இருக்கும். இலையுதிர் மாதங்களில் எண் சிறுத்திருக்கும். மழை மாதங்களிலும் சிறுத்திருக்கும். சில ஆண்டுகளில் மட்டும் ஏதேனும் ஒரு மாதத்தில் எண் திடீரென்று பெருத்திருக்கும். அது என்ன மாதம் பாட்டி என்று பிள்ளை கேட்டால், பாட்டி கண்ணாடியைத் தேடாமலே சொல்வாள்: "அந்த வருசம் போனஸ் குடுத்தாங்கய்யா." தோட்டம் கைமாறிக் கொந்தராத்துக்காரர் வந்த ஆண்டுக்குப் பிறகு அவ்வாறு பெருத்த மாதம் ஒன்றும் அதில் இராது.